முழங்கால் பிரேஸை மாட்டும்போது காலை நீட்டாதீர்கள்
பக்கவாட்டில் கீல் வைத்த முழங்கால் பிரேஸ் (knee brace, மூட்டைத் தாங்கும் கவசம்) போடுகிறவர்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முழங்காலை லேசாக மடக்கி, கீல் முட்டுச்சில்லின் நடுவுக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பட்டையை இறுக்குங்கள். நடக்கும்போது முழங்கால் சுமார் 60 டிகிரி மடங்கும், மெல்ல ஓடினால் அதைவிட நன்றாகவே கூடும். கீல் ஒரு விரல்கடை இறங்கியிருந்தாலும் மூட்டு ஒரு இடத்தில், பிரேஸ் வேறொரு இடத்தில் மடங்கி ஒவ்வொரு எட்டுக்கும் இழுக்கும். நடையில் பெரிதாகத் தெரியாது, ஓட்டத்தில் தெரிந்துவிடும். சங்குத்துறை கடற்கரைப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு வேர்வையிலேயே வழுக்கி இறங்கிவிடும், பத்து நிமிடத்தில் ஒருதரம் நின்று ஏற்றிவிடுங்கள்.

கீல் இல்லாத துணி உறைக்கு இவ்வளவு பார்க்க வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் இவ்வளவுதான் மடங்கலாம் என்று கோணம் பூட்டிக் கொடுத்த பிரேஸ் என்றால், சரி, அவர் சொன்னபடிதான்.