மலிவு கிராபிக்ஸ் கார்டு: கோலாலம்பூர் வெயிலில் வாங்குவதும் ஓவர்கிளாக் செய்வதும்

வீட்டுக் கணினியில் கேம் திணறுகிறது, கையில் 600 ரிங்கிட்தான் இருக்கிறது என்றால், உடனே கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குக் கிளம்பாதீர்கள். முதலில் கேசிங்கின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். எந்தக் கார்டு உங்களுக்குச் சரிப்படும் என்பதைப் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்யும்.

படி 1: மின்சாரக் கணக்கு

கார்டைச் செருகும் மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். 6 பின் கேபிள் இன்னொரு 75 வாட், 8 பின் கேபிள் 150 வாட். ஆபீஸில் கழித்துவிட்ட பிராண்டட் கணினி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அவற்றில் பலவற்றில் இந்தக் கேபிளே இருக்காது. அவர்களுக்கு 70 வாட்டில் ஓடும் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050, அல்லது கூடுதல் கேபிள் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 போதும். ஹார்ட்டிஸ்குக்குப் போகும் சாட்டா கேபிளை 8 பின்னாக மாற்றும் அடாப்டர் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். தயவுசெய்து வாங்காதீர்கள். அந்தக் கனெக்டர் ஏறக்குறைய 54 வாட்டுக்குத்தான் தாங்கும். அதற்கு மேல் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

8 பின் கேபிளோடு தரமான 450 வாட் பவர் சப்ளை இருந்தால் என் தேர்வு ஆர்எக்ஸ் 6600. 2021-இல் வந்தது, 8 ஜிபி மெமரி, 132 வாட். ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரும் நல்ல கார்டுதான், ஆனால் புதிய கேம்களுக்கு அதன் 6 ஜிபி இப்போதே இறுக்கமாக இருக்கிறது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகக் கண்ணில் படும். அது 4 லேனில்தான் (தரவு போகும் பாதை) மதர்போர்டோடு பேசுகிறது. மெமரியும் பெரும்பாலும் 4 ஜிபிதான். பழைய போர்டில் போட்டால் நன்றாகவே வேகம் குறையும்.

படி 2: செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு கிரிப்டோ நாணயம் ஈட்டுவது) நின்றதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஃபேனை விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஆடினாலோ கரகரத்தாலோ வேண்டாம். ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்) ஓரத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிறகு, "பாஸ், போலே டெஸ்ட்?" (ஓட்டிப் பார்க்கலாமா?) என்று கேளுங்கள். கூச்சமே வேண்டாம். ஓட்டிக் காட்ட மறுக்கிற இடத்தில் பணம் கொடுக்காதீர்கள். ஜிபியு-இஸட் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோய்த் திறந்து, ஷேடர்ஸ் என்ற வரியைப் பாருங்கள். உண்மையான ஆர்எக்ஸ் 580-இல் 2304 என்று இருக்கும். 2048 என்று இருந்தால் பெயர்தான் 580, வேகம் 570. அந்த விலைக்குப் பேசுங்கள்.

படி 3: முதலில் சூடு

இணையத்தில் பார்க்கும் சோதனைகள் பெரும்பாலும் குளிரான அறையில் எடுத்தவை. செந்தூல் ஃபிளாட்டில் மதியம் மூன்று மணிக்கு ஏர்கோன் இல்லாத அறை 32 டிகிரியைத் தொடும். அறை பத்து டிகிரி கூடினால் கார்டும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். என்விடியா கார்டுகள் (ஜிடிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ்) சூடு ஏற ஏறத் தாமாகவே கிளாக்கை, அதாவது ஓடும் வேகத்தை, படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். அதனால் தூசி தட்டுவதும், கேசிங்கின் முன்பக்கம் காற்றை இழுக்க ஒரு ஃபேன் வைப்பதும் ஓவர்கிளாக்குக்கு, அதாவது கார்டை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்கு, முந்திய வேலை.

படி 4: ஓவர்கிளாக்

கார்டின் வேகத்தை மாற்றும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரையும், கார்டைச் சோதித்து ஸ்கோர் தரும் யூனிஜின் ஹெவனையும் இறக்கிக்கொள்ளுங்கள். எதையும் தொடாமல் ஹெவனை இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, ஸ்கோரையும் சூட்டையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். இந்த எண் இல்லாமல் பிறகு செய்வது எதையும் ஒப்பிட முடியாது.

ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கக்கூடிய மின்சாரத்தின் வரம்பு) அது போகும் அளவுக்குத் தள்ளுங்கள். பிறகு கோர் கிளாக்கில் 25 மெகாஹெர்ட்ஸ் கூட்டி, ஹெவனைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். சரியாக ஓடினால் இன்னொரு 25. ஒரு கட்டத்தில் திரையில் வண்ணப் புள்ளிகள் மினுக்கும், அல்லது திரை ஒரு நொடி கறுத்து டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) மீண்டு வரும். பயப்பட வேண்டாம், கார்டு கெடவில்லை. அங்கிருந்து 30, 40 மெகாஹெர்ட்ஸ் இறங்கி நில்லுங்கள்.

மெமரி கிளாக்கை 100, 100 ஆகக் கூட்டலாம். இங்கே மட்டும் ஒரு நுட்பம்: மெமரி தன் பிழையைத் தானே சரிசெய்ய முயலும், அதனால் திரையில் கோளாறே தெரியாமல் ஸ்கோர் மட்டும் குறையலாம். ஒவ்வொரு முறையும் ஸ்கோரைப் பாருங்கள். இறங்க ஆரம்பித்தால் எல்லை தாண்டியாயிற்று.

ஏஎம்டி கார்டுக்கு (ஆர்எக்ஸ் வரிசை) அட்ரினலின் மென்பொருளிலேயே டியூனிங் பக்கம் உண்டு. ஆர்எக்ஸ் 6600 வைத்திருப்பவர்கள் வோல்ட்டேஜைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்தும் பாருங்கள். அதே வேகத்தில் சூடும் ஃபேன் சத்தமும் தணியும். நம் ஊருக்கு இதுதான் பெரிய லாபம் என்பேன். ஓவர்கிளாக்கில் பொதுவாக ஐந்து முதல் பத்து சதவீதம்தான் கிடைக்கும். கேமில் நொடிக்கு 50 ஃபிரேம் 53, 54 ஆகும்.

எண்கள் பிடித்துப்போனால் புரொஃபைலில் சேமியுங்கள். விண்டோஸ் திறக்கும்போதே இயங்கும்படி உடனே டிக் போட்டுவிடாதீர்கள். நீங்கள் வழக்கமாக ஆடும் கேமை ஒரு வாரம் ஆடிப் பாருங்கள், மதியச் சூட்டிலும் சேர்த்து. டிரைவர் புதுப்பித்தால் ஹெவனை மறுபடி ஒருமுறை ஓட்டி, தாளில் எழுதிய ஸ்கோரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.