இதயத் துடிப்புக் கோளாறும் ஊன உதவியும்: கடலோரக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் கடற்கரையில் இதயத் துடிப்புக் கோளாறுக்குச் சிகிச்சை பெறுவோர், துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியதையே ஊனத்துக்குச் சான்றாக எண்ணி மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குச் செல்வது தவறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைக் குறைபாடுகளில் இதயநோய் இடம்பெறவில்லை. ஆனால் இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில், அங்கே உறைந்த இரத்தக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் வந்து, கை கால் செயலிழப்பு நீடிக்குமானால், அது இயக்கக் குறைபாடாக மதிப்பிடப்படும். பெரும்பாலான சலுகைகளுக்கு அந்த மதிப்பீடு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆகவே இதய மருத்துவரின் சீட்டோடு நிற்காமல், எந்தக் கை எவ்வளவு இயங்குகிறது, துணையின்றி நடக்க முடிகிறதா என்று எழுதிய நரம்பியல் மருத்துவரின் குறிப்பையும் கொண்டுசெல்ல வேண்டும்.

அந்தப் பக்கவாதத்துக்கே பல நேரங்களில் சிகிச்சையில் செய்யும் தவறுகள்தாம் வழி திறக்கின்றன. மூட்டுவாதக் காய்ச்சலால் இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கி, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உள்ளவர்களுக்கு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையே முதன்மையானது; இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு அவர்களுக்குப் பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். படபடப்பு நின்றதென்று மாத்திரையை விடுவதும், பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் போய்த் திரும்பும்வரை இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் ஆபத்தானவை. வலை இழுத்த தோள்வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்குவது, வார்ஃபரின் உண்பவருக்கு வயிற்றில் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். வார்ஃபரினை எதிர்க்கும் வைட்டமின் கே உள்ளதென்று முருங்கைக்கீரையை அடியோடு விலக்க வேண்டியதில்லை; ஒரு வாரம் நாள்தோறும் உண்டு, மறுவாரம் தொடாமலே இருப்பதுதான் மருந்தின் அளவைக் குலைக்கும். தவறான துடிப்பைத் தூண்டும் இதயத் திசுவைச் செயலிழக்கச் செய்யும் அப்ளேஷன் சிகிச்சை செய்துகொண்டவரும் இரத்தம் உறையாமைக்கான மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது, ஏனெனில் துடிப்பு சீரான பின்னும் வயது, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றால் வரும் பக்கவாத அபாயம் குறைவதில்லை. துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மருந்தை உட்கொள்வோரின் தோல் வெயிலில் எளிதில் வெந்துபோகும். பாம்பனிலோ தொண்டியிலோ பகலெல்லாம் திறந்த வள்ளத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்லாமல் மருந்தெழுதுவது முறையன்று.

மாதச் சம்பளக்காரர்களின் தவறு வேறு. இறால் பதனிடும் ஆலையில் வேலைசெய்பவர், உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று முதலில் ராஜினாமா எழுதிவிட்டு, பிறகு உதவியைத் தேடுகிறார். தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள்களுக்கு, ஏறத்தாழ 70 விழுக்காடு ஊதியம். பட்டியலிலுள்ள நீண்டகால நோய்களுக்கு, தகுதியான பணிக்காலம் இருந்தால், 80 விழுக்காடாக இரண்டு ஆண்டுவரை நீட்டிக்க முடியும். துடிப்புக் கோளாறு என்ற பெயர் மட்டும் அதற்குப் போதாது. இதயச் செயலிழப்பு, இதயத்தசை நோய் போன்றவை இருந்தால் மருத்துவர் அவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். பணியிலிருக்கும்போதே நிரந்தர முழு ஊனம் ஏற்பட்டவருக்கு, ஒரு மாதச் சந்தா செலுத்தியிருந்தாலே வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியத் திட்டத்தில் உரிமை உண்டு. அதை விசாரிக்காமல் முழுப் பணத்தையும் எடுத்துவிடக் கூடாது.

பங்குக்குக் கடலுக்குச் செல்பவருக்கு இவையெல்லாம் இல்லை என்பதே கசப்பான உண்மை. மீனவர் குழு விபத்துக் காப்பீடு பெயருக்கேற்ப விபத்துக்கானது, நோயால் தொழில் நின்றதற்குப் பொருந்தாது. பேஸ்மேக்கர் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். அதில் இணைந்த மருத்துவமனையில், முன் அனுமதியோடு செய்ய வேண்டும். எந்த விண்ணப்பமானாலும் படபடப்பு வந்த நேரத்தில் எடுத்த ஈ.சி.ஜி. வலுவான சான்று. அது வெப்பத்தாளில் பதிவாவதால் நாளடைவில் மங்கிவிடும். எடுத்த அன்றே நகலெடுத்து, அசலோடு சேர்த்து வைக்க வேண்டும்.