கச்சான் காற்றும் கிளம்பும் மூலைகளும்: நைலோன், பொலிப்புரொப்பிலீன் இழைகளை வளையாமல் அச்சிடுவது

மருந்து தெளிகருவியின் மூடி உடைந்தாலும் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் ஒரு புஷ் (அச்சைத் தாங்கும் வளையம்) தேய்ந்தாலும், அதை வீட்டு மேசையிலுள்ள முப்பரிமாண பிரிண்டரிலேயே செய்துகொள்ளலாம் என்று எண்ணுபவர்கள் வன்னியிலும் இருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் தொடங்கும் பி.எல்.ஏ. இழை (பிரிண்டர் உருக்கிப் படை படையாக இடும் பிளாஸ்டிக் நூல்) ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் இளகிவிடுவதால், வெயிலில் நிற்கும் இயந்திரத்தில் அதை நம்பிப் பொருத்த முடியாது. அதனால் நைலோன், பொலிப்புரொப்பிலீன், ஏ.பி.எஸ். போன்ற இழைகளுக்குப் போகிறோம். போன முதல் நாளே அச்சிட்ட பொருளின் மூலைகள், அது ஒட்டி நிற்கும் பிரிண்டரின் சூடான தட்டை விட்டுக் கிளம்பத் தொடங்கும்.

ஒவ்வொரு படையும் உருகிய நிலையில் இடப்பட்டு, ஆறும்போது சுருங்குகிறது. கீழ்ப்படை ஏற்கெனவே ஆறி இறுகிவிட்டதால், மேலே புதிதாகச் சுருங்கும் படை அதை உள்நோக்கி இழுக்கிறது. அந்த இழுவை படைக்குப் படை சேர்ந்து, பிடிப்புக் குறைந்த மூலைகளை முதலில் தூக்குகிறது. பச்சைப் பலகையை ஒரு பக்கம் மட்டும் வெயில் படப் போட்டால் அது வளைவதும் இதே கணக்குத்தான். பி.எல்.ஏ. சுமார் 0.3 சதவீதமே சுருங்கும், ஏ.பி.எஸ். 0.4 முதல் 0.8 வரையும், பொலிப்புரொப்பிலீன் 1 முதல் 2.5 வரையும் சுருங்கும். 200 மில்லிமீற்றர் நீளமான பொலிப்புரொப்பிலீன் துண்டு 1.5 சதவீதம் சுருங்கினால் 3 மில்லிமீற்றர் குறைகிறது. இவ்வளவு இழுவையைத் தட்டில் பூசும் பசை மட்டும் தாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

“எங்கள் ஊர் வெக்கைக்கு பிரிண்டருக்குப் பெட்டி எதற்கு?” என்று நானும் ஒருகாலத்தில் கேட்டவன்தான். அறையின் வெப்பநிலை 34 பாகையாக இருந்தாலும், ஏ.பி.எஸ். இறுகும் 105 பாகைக்கு அது இன்னும் 70 பாகை கீழே இருக்கிறது. அதைவிட மோசமானது காற்று. கச்சான் என்னும் தென்மேல் காற்று வீசும் மாதங்களில் திறந்த யன்னலுக்கு அருகே வைத்து நான் அச்சிட்ட முதல் மூடி, யன்னல் பக்கத்து இரு மூலைகளில் மட்டும் கிளம்பி, மறுபக்கம் தட்டோடு ஒட்டியே இருந்தது. பசையில் குறையில்லை என்று அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும். மேலும் இரண்டு மூடிகளை வீணாக்கிய பிறகுதான் விளங்கியது.

எனவே முதல் வேலை பிரிண்டரை மூடுவது. தடித்த மட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு பக்கம் கண்ணாடித் துண்டு பொருத்தினாலே பெரிய வேறுபாடு தெரியும். மின்வழங்கியையும் கட்டுப்பாட்டுப் பலகையையும் பெட்டிக்கு வெளியே வைக்க வேண்டும், ஏனெனில் அவை தாமே சூடாகும் பொருட்கள். ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) எளிதில் இளகி எரிவதால் அதைப் பயன்படுத்தக் கூடாது. மட்டையும் எரியக்கூடியதே என்பதால் இயந்திரத்தை ஓடவிட்டு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகவும் கூடாது. அச்சிடுவதற்கு அரை மணி நேரம் முன்பே தட்டைச் சூடாக்கிப் பெட்டியின் உள்ளே வெப்பம் பரவ விடுங்கள். பொருளைக் குளிர்விக்கும் விசிறியை நிறுத்திவிடுங்கள். ஏ.பி.எஸ். என்றால் தட்டு 100 பாகை அளவிலும் பெட்டியின் உள்வெப்பம் 50 பாகை அளவிலும் இருந்தால் நல்லது. அதன் புகை உடம்புக்கு ஆகாது என்பதால், யாரும் படுக்காத அறையில் வையுங்கள்.

பொலிப்புரொப்பிலீன் தன்னைத் தவிர வேறெதிலும் எளிதில் ஒட்டாது. கண்ணாடியில் எவ்வளவு பசை பூசினாலும் பயனில்லை. பெட்டிகளை ஒட்டும் தெளிவான அகல டேப் பெரும்பாலும் பொலிப்புரொப்பிலீனால் ஆனது. அதைத் தட்டின் மேல் இடைவெளியோ மடிப்போ இல்லாமல் அருகருகே ஒட்டி, அதன் மேல் அச்சிட்டால் முதல் படை டேப்போடு உருகிச் சேர்ந்துகொள்ளும். தட்டு 80 பாகைக்கு மிகவும் மேலே போனால் டேப்பின் பசையே இளகிக் கிளம்பத் தொடங்கும். ஒவ்வொரு முறையும் புதிய டேப் ஒட்டுவது சலிப்பான வேலைதான், ஆனால் மலிவானது.

நைலோனின் சிக்கல் ஈரம். வாடைக்காற்று மழை கொண்டுவரும் மாதங்களில், திறந்து வைத்த சுருள் ஓரிரு நாட்களில் அச்சிட முடியாதபடி ஈரத்தை உறிஞ்சிவிடும். அச்சிடும்போது, இழையை உருக்கி விடும் முனையில் பொரிவது போன்ற சத்தம் கேட்டால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிறது என்று பொருள். அப்படி இடப்படும் முதல் படை நுண்துளைகளோடு தளர்வாகக் கிடக்கும். 70 முதல் 80 பாகையில் 8 மணி நேரத்துக்குக் குறையாமல் உலர்த்த வேண்டும். இதற்கென இயந்திரம் இல்லாதவர்கள் சுருளைச் சூடான தட்டின் மேல் படுக்க வைத்து, மேலே சிறு துளையிட்ட மட்டைப் பெட்டியால் மூடி, பாதி நேரத்தில் புரட்டிப் போடலாம்; இழை சுற்றியிருக்கும் சில்லு அந்தச் சூட்டைத் தாங்குமா என்பதை முதலில் பாருங்கள். அரிசி வாளிக்குள் புதைத்தால் ஈரம் போய்விடும் என்று நம்புபவர்கள், சேமிக்கும் நெல்லிலேயே 13 சதவீதமளவில் ஈரம் இருப்பதை நினைக்க வேண்டும். காற்றுப் புகாத வாளியும் சிலிக்கா ஜெல்லுமே சரியானவை. தட்டில் பி.வி.ஏ. பசைக்குச்சியை மெல்லிய படையாகப் பூசி 70 முதல் 90 பாகையில் வையுங்கள். நைலோனுக்கு முனை 250 பாகையைத் தாண்ட வேண்டிவரும். முனை வரை டெஃப்லான் குழாய் இறங்கும் மலிவான பிரிண்டர்களில் 240 பாகைக்கு மேல் அந்தக் குழாய் கெடத் தொடங்கும் என்பதால், முழு உலோக முனை இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

வடிவத்திலும் கொஞ்சம் உதவலாம். கூர்மூலைகளை வளைவாக்குங்கள், 8 மில்லிமீற்றர் அகலப் பிரிம் (பொருளின் அடியைச் சுற்றி இடும் மெல்லிய விளிம்பு) சேருங்கள், மூலைகளில் ஒரு படைத் தடிப்பில் சிறு வட்டத் தட்டுகளை வையுங்கள், உள்நிரப்பை (பொருளின் உட்பகுதியை நிரப்பும் அளவை) 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள்.

நடுவே மின்சாரம் போனால், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இந்த இழைகளுக்குப் பெரிதாக உதவாது. தட்டு ஆறியவுடன் பொருள் பெரும்பாலும் தானாகக் கழன்றுவிடும். அதனால் நீண்ட வேலையை, மின்வெட்டு அறிவித்த நாளில் தொடங்காதீர்கள். அச்சு முடிந்த பிறகும் தட்டு 40 பாகைக்கு இறங்கும் வரை பெட்டியைத் திறக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் பொருள் கெட்டால் அதை எறியாமல் உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கிளம்பியிருந்தால் எங்கோ காற்று புகுகிறது. நான்கு மூலைகளும் ஒரேயளவு கிளம்பியிருந்தால் தட்டின் சூடோ பிடிப்போ போதவில்லை. அடி உறுதியாக ஒட்டியிருக்க, பொருளின் நடுப்பகுதியில் படைகள் பிளந்திருந்தால் பெட்டியின் உள்ளே குளிராக இருக்கிறது. அங்கே இன்னும் பசை பூசுவதில் பயனில்லை.