அழைப்பு வந்தால் மின்னும் கேமரா விளக்கு: அணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அழைப்பு வரும்போது கைபேசியின் பின்புறக் கேமரா விளக்கு விட்டுவிட்டு மின்னினால், அது பழுதும் அன்று, வைரஸும் அன்று. காது சரியாகக் கேளாதவர்களும் இரைச்சலுக்கு நடுவே வேலை செய்பவர்களும் அழைப்பைக் கண்ணால் அறிந்துகொள்வதற்காக வைக்கப்பட்ட வசதி அது. ஐபோனில் 2011ஆம் ஆண்டு ஐஓஎஸ் 5 பதிப்போடு வந்தது. ஆண்ட்ராய்டு போன்களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய இடத்தில் அதைச் சேர்த்துக்கொண்டிருந்தது. 2023இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 14 அதைப் பொது வசதியாகவே ஆக்கியது. அணைக்கப் போகிறவர் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் காரணம், அது இப்படிப் போனுக்குப் போன் இடம் மாறிக் கிடப்பதுதான்.

கொங்கு நாட்டில் இந்த விளக்குக்கு உண்மையான தேவை இருக்கிறது. சோமனூர், பல்லடம் வட்டாரத்துத் தறிக்குடோன்களில் தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம்கூடச் சைகையால்தான் பேச முடியும். அங்கே எந்த ரிங்டோனும் காதில் விழாது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, விளக்கு மின்னினால் எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவது அங்கே வழக்கம். அதே போன் இரவுப் பேருந்திலும் திரையரங்கிலும் மருத்துவமனை வார்டிலும் மின்னும்போதுதான் தொல்லையாகிறது. கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது தொல்லையோடு நிற்பதில்லை. இரவில் கொட்டகைக்குள் நிற்கும்போது சட்டைப்பையில் இருக்கும் போன் பளிச்சென்று மின்னினால், கோழிகள் மிரண்டு ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். அடியில் சிக்கியவை மூச்சுத் திணறிச் சாகவும் கூடும்.

அணைக்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மின்னச் சொல்லும் கட்டளை மூன்று இடங்களில் ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது என்பது. போனின் பொது செட்டிங்ஸ் ஓர் இடம். அழைப்புகளுக்கான போன் செயலி, அதாவது நாம் எண்களை அழுத்தும் டயலர், இரண்டாவது இடம். பிளே ஸ்டோரிலிருந்து தனியாக இறக்கி வைத்த ஃபிளாஷ் செயலி மூன்றாவது இடம். ஒன்றில் போட்டதை இன்னொன்றில் தேடிக்கொண்டிருந்தால் எத்தனை முறை அணைத்தாலும் விளக்கு மின்னிக்கொண்டேதான் இருக்கும். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே குழப்பத்தில் தொடங்குபவை.

மிகச் சாதாரணமான தவறு, மேலிருந்து இழுத்தால் வரும் டார்ச் பொத்தானை அணைத்துவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பது. இன்னும் சிலர் கேமராவைத் திறந்து, அங்கே இருக்கும் மின்னல் குறியைத் தட்டி ஃபிளாஷை ஆஃப் செய்கிறார்கள். முதலாவது கைவிளக்குக்கும் இரண்டாவது படம் எடுப்பதற்கும் மட்டுமே உரியவை. எரிவது அதே விளக்காக இருந்தாலும், அழைப்புக்காக அதை எரியவிடும் கட்டளைக்கும் இவற்றுக்கும் தொடர்பு இல்லை. படத்துக்கான ஃபிளாஷை அணைத்ததை மறந்துவிட்டு, அடுத்த விசேஷத்தில் மண்டபத்துப் படங்கள் எல்லாம் இருட்டாக விழுந்திருக்கின்றன என்று வருந்துவதுதான் இதில் மிஞ்சுவது.

செயலியைக் குறைசொல்வதற்கு முன்னும், எங்கேயோ போய் எதையோ அணைப்பதற்கு முன்னும், ஒரு சிறிய சோதனை செய்து பார்ப்பது நல்லது. போனைப் பூட்டி, மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, வீட்டில் இருக்கும் இன்னொருவரைச் சிம் எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். பிறகு வாட்ஸ்அப்பில் அழைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். சிம் அழைப்புக்கு மட்டும் மின்னினால் டயலரின் செட்டிங்ஸில்தான் பெரும்பாலும் காரணம் இருக்கும். மூன்றுக்கும் மின்னினால், பொது செட்டிங்ஸையோ தனிச் செயலியையோ சந்தேகிக்கலாம். இந்த இரண்டில் எது என்று பிரித்தறிய ஆண்ட்ராய்டில் சேஃப் மோடு உதவும்: அந்த நிலையில் நாம் இறக்கிய செயலிகள் எவையும் ஓடா, போனோடு வந்தவை மட்டுமே ஓடும். பல போன்களில் பவர் ஆஃப் என்ற எழுத்தை விரல் எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடுக்குப் போகலாமா என்று கேட்கும். அங்கே அழைப்பு வந்தும் விளக்கு மின்னவில்லை என்றால், இறக்கிய செயலி ஒன்றுதான் காரணம். போனை மறுபடி அணைத்துப் போட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இந்தச் சோதனையில் ஒரு வழுக்கும் இடம் உண்டு. ஐபோனில் இந்த விளக்கு பொதுவாகத் திரை பூட்டியிருக்கும்போதுதான் மின்னும். திறந்திருக்கும்போதும் மின்ன வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது. போனைக் கையில் திறந்து வைத்துக்கொண்டு அழைக்கச் சொல்லி, மின்னவில்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிவு செய்தவர் அன்றிரவே ஏமாந்துபோவார்.

இனி இடங்களைப் பார்க்கலாம். ஐபோனில் செட்டிங்ஸ், அதில் அக்சஸிபிலிட்டி, அதில் ஆடியோ அண்ட் விஷுவல் என்று போனால் அலர்ட்டுகளுக்கான ஃபிளாஷ் என்ற வரி இருக்கும். பழைய ஐபோன் வைத்திருப்பவர்கள் அக்சஸிபிலிட்டியை ஜெனரல் என்ற பகுதிக்குள் தேட வேண்டும். 2019இல் வந்த ஐஓஎஸ் 13இல்தான் அது முதல் பட்டியலுக்கு வந்தது. சாம்சங் போன்களில் அக்சஸிபிலிட்டிக்குள் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதற்குள் ஃபிளாஷ் நோட்டிஃபிகேஷன். ஆண்ட்ராய்டு 14 அல்லது அதற்குப் பிந்தைய பிக்சல் போன்களில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குள்ளேயே ஃபிளாஷ் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று இருக்கும். ரெட்மி உள்ளிட்ட ஷாவ்மி போன்களில் அழைப்பு செட்டிங்ஸுக்குள், வரும் அழைப்புகளுக்கான பகுதியில் வைத்திருக்கிறார்கள். மற்ற போன்களில் வழி தெரியாவிட்டால், செட்டிங்ஸின் மேற்புறத்தில் உள்ள தேடும் பெட்டியில் ஃபிளாஷ் என்று ஆங்கிலத்தில் தட்டிப் பார்ப்பதே குறுக்கு வழி. போனைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு அது சில சமயம் அகப்படாது. ஒரு நிமிடம் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றித் தேடிவிட்டு மறுபடி தமிழுக்கு வந்துவிடலாம்.

சாம்சங், பிக்சல் போன்களில் ஃபிளாஷ் நோட்டிஃபிகேஷன் பக்கத்தைத் திறந்தால் இரண்டு பொத்தான்கள் தெரியும். ஒன்று கேமரா விளக்குக்கு உரியது, மற்றொன்று திரையே நிறத்தோடு பளிச்சிடுவதற்கு உரியது. அவசரத்தில் ஒன்றை மட்டும் அணைத்துவிட்டு, இன்னும் மின்னுகிறதே என்று சொல்பவர்கள் ஏராளம். சாம்சங்கில் திரையின் ஓரங்களில் ஓடும் ஒளிக்கோடும், நத்திங் என்ற நிறுவனத்தின் போன்களின் முதுகில் ஒளிரும் கோடுகளும் இவற்றோடு சேராதவை. அவற்றுக்குத் தனித்தனி இடம் உண்டு. எது மின்னுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு அணைக்கப் போவது பாதி வேலையைக் குறைக்கும்.

தனிச் செயலியால் மின்னும் போன்கள்தான் எளிதில் வழிக்கு வராதவை. கவலைக்கு உரியவையும் அவைதாம். முகப்புத் திரையில் இருக்கும் அதன் படத்தை இழுத்து எறிந்தால் செயலி போய்விட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். போவது படம் மட்டுமே, செயலி உள்ளேயே இருக்கும். செயலியை வலிந்து நிறுத்தும் ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுப்பதும் தற்காலிகம்தான். எப்போதாவது ஒருமுறை அதைத் திறந்துவிட்டால் போதும், மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். கேமராவுக்கான அனுமதியைப் பிடுங்கிவிட்டால் விளக்கு எரியாது என்ற எண்ணமும் தவறு: படம் எடுக்காமல் டார்ச்சை மட்டும் எரியவிட, ஆண்ட்ராய்டில் ஒரு செயலிக்குக் கேமரா அனுமதி தேவைப்படுவதில்லை. செட்டிங்ஸில் உள்ள செயலிகளின் முழுப் பட்டியலைத் திறந்து, ஃபிளாஷ், அலர்ட், கால் போன்ற சொற்களோடு இருப்பதைக் கண்டுபிடித்து, அன்இன்ஸ்டால் செய்வதே முறை. அந்தப் பொத்தான் மங்கலாகி அழுந்த மறுத்தால், செயலி டிவைஸ் அட்மின், அதாவது போனை நிர்வகிக்கும் உரிமையை வாங்கி வைத்திருக்கக்கூடும். செக்யூரிட்டி பகுதியில் அந்த உரிமையை நீக்கிவிட்டு வந்தால் அழுந்தும்.

இத்தகைய செயலிகள் பல, நோட்டிஃபிகேஷன்களைப் படிக்கும் அனுமதியைக் கேட்கின்றன. வாட்ஸ்அப் செய்திக்கும் மின்ன வேண்டுமானால் செய்தி வந்ததை அது அறிய வேண்டும் அல்லவா என்று கேட்டால், அது நியாயம்தான். ஆனால் அந்த அனுமதி பெற்ற செயலியால் திரையில் வந்து விழும் எல்லாவற்றையும் படிக்க முடியும். வங்கி அனுப்பும் ஓடிபியும் அதில் அடங்கும். ஆண்ட்ராய்டு 15இல்தான் நம்பகமற்ற செயலிகளின் கண்ணிலிருந்து ஓடிபியை மறைக்கும் ஏற்பாடு வந்தது. ஒரு விளக்கு மின்னுவதற்காக இவ்வளவு திறந்துவிடுவது தேவையற்றது என்பதே என் கருத்து, அதுவும் போனிலேயே அந்த வசதி இருக்கும்போது. மாதக் கட்டணம் கட்டிய செயலியாக இருந்தால் இன்னொன்றும் உண்டு: செயலியை நீக்கினால் கட்டணம் நிற்பதில்லை. பிளே ஸ்டோரின் சப்ஸ்கிரிப்ஷன் பகுதிக்குப் போய் அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும்.

பேருந்து நிலையத்தை ஒட்டிய செல்போன் கடைகளில், “ஏனுங்க தம்பி, போன் வந்தா இது பளிச்சு பளிச்சுன்னு மின்னிட்டே இருக்குதுங்க, நிறுத்திக் குடுங்க” என்று கேட்கும் பெரியவர்களைக் காணலாம். நல்ல கடைக்காரர் அவர் எதிரிலேயே இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிடுவார். பூட்டைத் திறந்து போனைக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போவது மட்டும் வேண்டாம். இந்த வேலைக்கு அவ்வளவு நேரமும் ஆகாது, பணம் செலவழித்துப் பழுதுபார்க்க இதில் எதுவும் இல்லை. ஃபேக்டரி ரீசெட் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். படங்களும் கணக்குகளும் அழிந்துபோகும் அபாயம் ஒருபுறம் இருக்க, பேக்கப்பிலிருந்து செயலிகளைத் திரும்ப இறக்கும்போது அந்த ஃபிளாஷ் செயலியும் சேர்ந்தே வந்துவிடலாம்.

வேறு சிலர் விளக்கைத் தேடாமல் அழைப்பையே அடைத்துவிடுகிறார்கள். போன் செயலியின் நோட்டிஃபிகேஷனை முழுவதுமாக நிறுத்துவதும், டூ நாட் டிஸ்டர்பைப் போட்டுவிட்டு எடுக்க மறப்பதும் இந்த வகை. சந்தைக்கு மஞ்சள் கொண்டுபோனவரின் அழைப்பும், நூல் வண்டி வந்துவிட்டது என்ற அழைப்பும் தவறிப்போன பிறகுதான் அது தெரியவரும். விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டுவதையும் பார்க்கலாம். அதன் பிறகு டார்ச் பயன்படாது, மங்கலான கடையில் கியூஆர் குறியை ஸ்கேன் செய்ய வெளிச்சம் கிடைக்காது, எரியும் விளக்கின் சூட்டில் டேப்பின் பசை கேமரா கண்ணாடிவரை இளகி ஒழுகவும் கூடும்.

முழுவதுமாக அணைக்க வேண்டிய தேவை எல்லோருக்கும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தறிக்குடோனில் வேண்டும், திரையரங்கில் வேண்டாம் என்பவருக்கு ஐபோனில் ஒரு நல்ல வழி இருக்கிறது. அலர்ட்டுகளுக்கான ஃபிளாஷ் இருக்கும் அதே பக்கத்தில், சைலன்ட் நிலையிலும் மின்னட்டுமா என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை மட்டும் அணைத்து வைத்தால், மணி ஒலிக்கும் நிலையில் விளக்கு மின்னும், சைலன்டுக்கு மாற்றியதும் அடங்கிவிடும். பல ஆண்ட்ராய்டு போன்களில் சைலன்டில் போட்டாலும் விளக்கு மின்னும் என்பதால், ஒலியை நிறுத்தியது போதும் என்று இருந்துவிடக் கூடாது. வீட்டில் யாருக்காவது மின்னும் ஒளியால் வலிப்பு வரும் தன்மை இருந்தால் அங்கே யோசிக்கவே வேண்டியதில்லை, விளக்கையும் திரை ஒளியையும் சேர்த்தே அணைத்துவிட வேண்டும். ஒளி கூசுபவர்கள் இதை எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும் என்று ஆண்ட்ராய்டின் அந்தப் பக்கமே சொல்கிறது.

இன்னொருவர் போனில் கைவைப்பதுதான் கடைசியாகச் சொல்ல வேண்டியது. விடுமுறைக்கு ஊருக்கு வந்த பேரன், அப்புச்சியின் போன் கண்ணைப் பறிக்கிறதே என்று ஒரு சொல்லும் சொல்லாமல் அணைத்துவிட்டுப் போவான். மோட்டார் ஓடும் கிணற்று மேட்டில் அவர் அந்த விளக்கை வைத்துத்தான் அழைப்பை அறிந்துவந்தார் என்பது யாருக்கும் தெரியாது. போனை எடுக்க மாட்டேன் என்கிறார் என்ற மனக்குறைதான் வீட்டில் வளரும். கேட்டுவிட்டு அணைக்கலாம். அவருக்குத் தேவை என்றால் வைப்ரேஷனைக் கூட்டி வைத்து அது போதுமா என்று இரண்டு நாள் பார்க்கச் சொல்லலாம், போதவில்லை என்றால் விளக்கை அப்படியே விட்டுவிடலாம். எதைச் செய்தாலும், பெரிய அப்டேட் வந்த பிறகு அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். பதிப்பு மாறும்போது பொத்தான்கள் இடம் மாறுவது உண்டு.