வயசான ஆக்கள் நித்திரை இல்லை எண்டா முதல்ல என்ன பாக்கணும்

எங்கட மட்டக்களப்புப் பக்கம் பெத்தாவோ மூத்தப்பாவோ "ராவைக்கு கண்ணே மூடல்ல" எண்டு சொன்ன உடன பாமசியில ஒரு குளிசை வாங்கிக் குடுக்கிறதுதான் கனபேர் செய்ற வேலை. அதுக்கு முதல் பாக்க வேண்டியது நிறைய கிடக்கு, தயவுசெய்து அதுகளப் பாருங்க.

வயசு போனா நித்திரை தேவையில்லை எண்டு சொல்றது பிழை, 65 வயசுக்கு மேலயும் ஒரு நாளைக்கு 7 - 8 மணித்தியாலம் வேணும். ஆனா ஆழ்ந்த நித்திரை குறையும், நாய் குரைச்சாலும் முழிப்பு வரும், உடம்புக்குள்ள ஓடுற நேரக்கணக்கும் முன்னுக்கு வந்திரும், அதனால பொழுதுபட்ட உடன கண் சொக்கும், விடியச்சாமம் முழிப்பு வரும். 8 மணிக்குப் படுத்த மனுசி 3 மணிக்கு எழும்பினா அது முழுசா 7 மணித்தியாலம், அதுக்கு மருந்து எதுக்கு?

அதனால முதல் வேலை, ஒரு கொப்பி எடுத்து ரெண்டு கிழமைக்கு எழுதுங்க. எத்தினை மணிக்குப் படுத்த, எத்தினை தரம் எழும்பின, ஏன் எழும்பின, எப்ப தேத்தண்ணி குடிச்ச, எப்ப குளிசை போட்ட எண்டு எல்லாம். மத்தியானம் சோறு திண்டு போட்டு கதிரையில சாஞ்சு தூங்கினதயும் கட்டாயம் எழுதணும், கனபேர் அதக் கணக்கிலயே எடுக்கிறல்ல. பகல் தூக்கம் வேணுமெண்டா 3 மணிக்கு முதல், அரை மணித்தியாலத்துக்குள்ள முடிச்சிரணும்.

வெள்ளன முழிப்பு வாற ஆக்களுக்கு பின்னேர வெளிச்சம் நல்லா உதவும். 5 மணி போல வாவிக்கரைப் பக்கமோ கடற்கரைக்கோ கூட்டிட்டுப் போங்க, ஏலாட்டி முத்தத்தில கதிரை போட்டு இருத்திக் கதைச்சிட்டு இருங்க, அந்த வெளிச்சம் நித்திரை வாற நேரத்தக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளும். கண்ணில வெண்படலம் இருந்தா உள்ள போற வெளிச்சமே குறைவு, அதயும் காட்டிப் பாக்கணும். சுபஹுக்கு (விடியத் தொழுகைக்கு) எழும்புற ஆக்கள் அந்த நேரத்த வச்சே பின்னுக்கு எண்ணிப் படுக்கிற நேரத்த முடிவெடுக்கிறது நல்லம், தொழுது போட்டு 9 மணி வரைக்கும் படுத்தா அண்டைக்கு ராவு நித்திரை பிந்தும்.

அடுத்தது ராவில சலம் (மூத்திரம்) போக எழும்புறது, அரைவாசி வீட்டில இதுதான் பிரச்சினை எண்டு நான் நினைக்கிறன். சீனி கூடினாலும் சலம் கூடும், ஆம்பிளைகளுக்கு புரோஸ்டேட் (சலப்பைக்குக் கீழ இருக்கிற சுரப்பி) வீங்கியிருந்தாலும் அடிக்கடி வரும். பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் தாற சலம் போற குளிசையப் பின்னேரம் போட்டா ராவு முழுக்க நடைதான், காலையில போடலாமா எண்டு கிளினிக்கில கேளுங்க. பகல்ல காலில இறங்குற தண்ணி படுத்த உடன மேல ஏறி சலமா வரும், அதனால பின்னேரம் ஒரு மணித்தியாலம் காலத் தலகாணியில உசத்தி வச்சா ராவைக்குக் கொஞ்சம் குறையும். கக்கூஸ் வெளிய வளவில இருந்தா வழியில ஒரு லைட் போடுங்க, இல்லாட்டி கட்டிலுக்குப் பக்கத்தில ஒரு வாளியாவது வைங்க, ராவில விழுந்து இடுப்பு உடைஞ்சா நித்திரையில்லாததவிடப் பெரிய கரைச்சல்.

பின்னேரத் தேத்தண்ணியயும் நிப்பாட்டிப் பாருங்க. வெத்திலையோட போடுற பாக்கும் புகையிலையும்கூட முழிப்பக் கூட்டும், பெத்தாமாருக்கு இது ஆருமே சொல்றல்ல, படுக்கிறதுக்குக் கொஞ்சம் முதல் ஒரு வாய் போட்டுட்டு நித்திரை வரல்ல எண்டுவாங்க. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ள தகரக் கூரை வீடு நடுச்சாமம் வரைக்கும் சூடு, உடம்பு குளிர்ந்தாத்தான் நித்திரை வரும், அதனால கட்டில விறாந்தையில போட்டு நுளம்பு வலை கட்டிக் குடுங்க.

படுத்து 20 நிமிசம் போல நித்திரை வரல்லயெண்டா எழும்பி மங்கல் வெளிச்சத்தில இருக்கச் சொல்லுங்க, கண் சொக்கினாப் பிறகு படுக்கட்டும், எப்பப் படுத்தாலும் காலையில ஒரே நேரத்துக்கு எழும்பணும். முதல் கொஞ்ச நாள் பகல்ல சோர்வா இருக்கும், விட்டுராதீங்க.

சிலதுக்கு டொக்டரிட்ட போகத்தான் வேணும். குறட்டை விட்டு இடையில மூச்சு நிண்டு திடுக்கிட்டு எழும்புறது, ராவானா காலச் சும்மா வச்சிருக்க ஏலாம ஆட்டிட்டே இருக்கிறது (இரும்புச்சத்துக் குறைஞ்சாலும் வரும்), நித்திரையில கத்திக் கை கால் வீசி அடிக்கிறது, இதுகள வயசு எண்டு விடாதீங்க. எங்கட பக்கத்தில யுத்தத்திலயும் 2004 சுனாமியிலயும் ஆக்களப் பறிகுடுத்தவங்க எத்தினையோ பேர், அவங்க கனவு கண்டு பதறி எழும்பினா பக்கத்தில இருந்து கதையுங்க, மனநலப் பிரிவுக்குப் போறதில ஒரு வெக்கமும் இல்லை.

தடிமனுக்குப் போடுற பிரிட்டன் (Piriton) குளிசைய நித்திரைக்குக் குடுக்கிறத மட்டும் நிப்பாட்டுங்க, வயசான ஆக்களுக்கு அது மயக்கம், தடுமாற்றம், சலம் அடைப்பு எல்லாம் குடுக்கும். கனகாலமா நித்திரைக் குளிசை போடுற ஆளெண்டா நீங்களா சட்டெண்டு நிப்பாட்ட வேணாம், அந்தக் கொப்பியயும் வீட்டில இருக்கிற எல்லாக் குளிசையயும் ஒரு பேக்கில போட்டுக் கொண்டு போய்க் காட்டி, கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கலாமா எண்டு கேளுங்க.