அம்மாவின் கைபேசி காட்டிய தவறான இடம்

தலைசுற்றி விழுந்த அம்மா பவர் பொத்தானை ஐந்து முறை அழுத்தியதும் அவருடைய ஆண்ட்ராய்டு கைபேசியிலிருந்து அவசரச் செய்தி எனக்கு வந்துவிட்டது. ஆனால் அதனுடன் வந்த வரைபடம் வேறொரு தெருவைக் காட்டியதால், அவரைத் தேடி அலைந்த அந்த நிமிடங்களை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

அவர் தேறிய பிறகு அமைப்புகளைத் திறந்து பார்த்தபோது, அந்த அவசரச் செயலிக்குத் தோராயமான இருப்பிடத்தை அறியும் அனுமதி மட்டுமே தரப்பட்டிருந்தது தெரிந்தது. துல்லியமான இருப்பிடத்துக்கு அனுமதி அளித்ததோடு, ஜிபிஎஸ் சரியாக எட்டாத அறைகளுக்குள்ளும் இடத்தைக் கணிக்க உதவும் வைஃபை ஸ்கேனிங்கையும் இயக்கினேன்.

சோதனைக்காக அவசர எண்ணை அழைப்பது உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவரின் அழைப்பைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், எனக்கு மட்டும் இருப்பிடத்தைப் பகிரச் சொன்னேன். இம்முறை புள்ளி எங்கள் வீட்டின் மீதே நின்றது.