அளவுமீறிச் சாப்பிடுதலும் மனச்சோர்வும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு பதினொரு மணி. வீட்டார் படுத்துவிட்டார்கள். குசினியில் லைட் போடாமல், மிஞ்சிய புட்டை நின்றபடியே பானைக்குள் கைவிட்டு, ருசி தெரியாத வேகத்தில் சாப்பிடுவது. பிறகு ஒரு பைக்கற் பிஸ்கட், அதற்குப் பிறகு சீனி. வயிறு நோகும்வரை கை நிற்காது. பானையைச் சத்தமில்லாமல் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தால், நித்திரைக்குப் பதிலாக வெட்கம்தான் வரும்.

இது வாரத்துக்கு ஒரு தடவையாவது, 3 மாதமாக நடந்தால் சாப்பாட்டு ஆசை என்று விட்டுவிட முடியாது. 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இதைத் தனி நோயாகவே வகைப்படுத்தியது. மனச்சோர்வும், மனம் ஒரு காலம் அளவுமீறி எகிறி இன்னொரு காலம் சோர்ந்துபோகும் இருமுனைக் கோளாறும் இதனோடு அடிக்கடி சேர்ந்து வரும்.

மிகப் பெரிய தவறு, அடுத்த நாள் பட்டினி கிடப்பது. "ராத்திரித் திண்டதுக்கு இண்டைக்கு ஒண்டும் வேண்டாம்" என்று காலையையும் மத்தியானத்தையும் விட்டால், பின்னேரம் பசியோடு எரிச்சலும் சோர்வும் ஏறும். இரவு மறுபடி பானைதான். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் உடல்நலமுள்ள 36 ஆண்களை ஏறத்தாழ ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். மனம் சோர்ந்தது, சிடுசிடுப்புக் கூடியது. சாப்பாடு திரும்பக் கிடைத்தபோது சிலரால் நிறுத்தவே முடியவில்லை. 2009 இறுதிப் போரில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற ஒருவர் இன்றைக்கும் சாப்பாட்டை ஒளித்து வைத்தால், அதைப் பேராசை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

செய்ய வேண்டியது: மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிறுதீனி, 4 மணித்தியாலத்துக்கு மேல் இடைவெளி விடாமல். காலை 7க்குப் பாணும் பருப்பும், 10க்கு ஒரு பிடி கச்சான் அல்லது அவித்த கௌபி, 1 மணிக்குச் சோறு, 4க்குத் தேத்தண்ணியும் வாழைப்பழமும், 7.30க்கு இரவுச் சாப்பாடு. முதல்நாள் இரவு என்ன நடந்திருந்தாலும் காலைச் சாப்பாடு அதே நேரத்துக்கு. கந்தசஷ்டி, கௌரி விரதம் பிடிப்பவர்கள் தொடங்குவதற்கு முன்பே கிளினிக்கில் கதைப்பது நல்லது.

வீட்டார் செய்யும் தவறு, அலுமாரியைப் பூட்டுவதும் "உனக்குச் சாப்பாட்டிலதான் எண்ணம்" என்பதும். பூட்டினால் களவாகச் சாப்பிடுவது கூடும், அவ்வளவுதான்.

மருந்து விஷயத்தில் நடக்கும் பிழைகள் ஆபத்தானவை. ஒலன்சப்பின் போன்ற சில மனநோய்க் குளிசைகள் பசியைக் கூட்டும். அதற்காகத் தாங்களாகவே நிறுத்துகிறவர்களுக்குப் பழைய நோய் திரும்பிவிடக்கூடும். "இந்தக் குளிசை தொடங்கிய பிறகு பசி தாங்கேலாமல் கிடக்கு" என்று மருத்துவரிடம் சொன்னால் மாற்றுவழி பார்ப்பார். இருமுனைக் கோளாற்றுக்குக் கொடுக்கும் லித்தியம் குளிசையை எடுப்பவர் சாப்பிட்டதை வாந்தியெடுத்து வெளியேற்றினாலோ, வன்னி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தாலோ இரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகலாம். கை கடுமையாக நடுங்கினால், நடை தள்ளாடினால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பாதியை மறைப்பதும் இதே அளவு கெடுதல். "யோசனையாக் கிடக்கு, நித்திரை இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, இரவுச் சாப்பாட்டை மறைப்பார்கள். அல்லது நிறையைக் குறைக்க வழி கேட்டுவிட்டு, மூன்று மணித்தியால நித்திரையோடு களைப்பே இல்லாமல் ஓடித்திரிந்த, காசை அள்ளிச் செலவழித்த அந்த வாரங்களைச் சொல்லமாட்டார்கள். அது இருமுனைக் கோளாறாக இருந்தால், மனச்சோர்வுக் குளிசை மட்டும் கொடுக்கும்போது மனம் மறுபக்கம் எகிறக்கூடும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே போங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

போகும்போது ஒரு கொப்பியில் இரண்டு வாரக் குறிப்புக் கொண்டுபோங்கள்: நேரம், சாப்பிட்டது, அதற்குச் சற்று முன் நடந்தது, மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஒரு எண், நித்திரை எத்தனை மணித்தியாலம். கலோரிக் கணக்கு எழுத வேண்டாம். வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து மருத்துவரிடம் நீட்டினால் போதும்.